பதின்மூன்றாம் மேளம்

ஆச்சிப்பிள்ளை வாயைத் திறந்ததுதான் தாமதம், மூன்று பேர் அவள்மேல் பாய்ந்தார்கள்.

மண்டூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, முற்றத்தின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, "என்ட ராசா..." என்று அவள் எடுத்த எடுப்பு அந்த இரண்டு சொல்லோடு அறுந்துபோனது. விஜிதரன் அவள் வாயைப் பொத்தினான். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். சுற்றுவட்டத்தில் எந்தச் செத்த வீட்டிலும் முதல் வரிசையில் இருத்தப்படுகிற ஒப்பாரிக்காரி, பிடிபட்ட கோழிபோல முழித்தாள்.

"சின்னம்மா, சத்தம் போடாதீங்க. பக்கத்துல சோதின நடக்குது."

"எடு கைய! செத்த வீட்டுக்கு வந்து அழாம, பாய விரிச்சி நித்திர கொள்ளவா சொல்றாய்?"

"பத்தரைக்கு இடைவேளை. அப்ப அரை மணித்தியாலம் அழலாம்."

"அரை மணித்தியாலமா?" ஆச்சிப்பிள்ளைக்கு வந்த துக்கத்தைவிட அது பெரிய துக்கமாகப் போய்விட்டது. "ஆளுட பேரையும் ஊரையும் சொல்லி முடிக்கவே எனக்கு முக்கா மணித்தியாலம் வேணும் மனே."

முற்றத்தில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அழுகையை அடக்கத்தான் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

விறாந்தையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் மங்கையற்கரசி. எழுபத்தாறு வயது. அந்த வயதிலும் முதுகு வளையவில்லை. கதிரையில் இருந்தாலும் சாய்ந்து இருக்கிற வழக்கமில்லை. உள்ளே, வெள்ளை கட்டிய மண்டபத்தில், குத்துவிளக்கின் வெளிச்சத்தில் அவளுடைய ஒரே தம்பி நல்லரத்தினம் கிடந்தான். நேற்றுப் பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தில் மேசைகளுக்குப் பரீட்சைச் சுட்டெண் ஒட்டிவிட்டு வந்தான். இருபத்தேழு மேசை, ஒன்றுகூட ஆடவில்லை என்று பெருமையாகச் சொன்னான். தேத்தண்ணி கேட்டான். அவள் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரையில் இருந்தபடியே போய்விட்டான். முகத்தில் இன்னமும் அந்த இருபத்தேழு மேசையின் திருப்தி இருந்தது.

"விஜி, இஞ்ச வா."

மகன் வந்தான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கந்தோர் வேலை. தாயின் முன்னால் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்துப் பையன்.

"ஆரக் கேட்டு இந்த வீட்டுல அழுகைய நிப்பாட்டின?"

"காலம பள்ளிக்கூட அதிபர் துசாந்தினி டீச்சர் வந்தா அம்மா. நீங்க கிணத்தடியில நிண்டீங்க. இண்டைக்குக் கணக்குப் பாடம். சோதின மண்டபத்து யன்னல் நம்மட வேலிக்கு நேர இரிக்கி. ரெண்டு பத்துக்குத்தான் முடியுமாம். அழுதுதான் கேட்டா."

"அவ அழலாம், நாங்க அழக்கூடாதோ?"

விஜிதரன் வேலிப் பக்கம் கையைக் காட்டினான்.

"கேட்டுக்கொள். எங்கட குடியில செத்த ஆளுட மேளம் அக்கரைக்குக் கேக்கும். உன்ட அப்பப்பா இல்ல, அம்மப்பா செத்த நேரம் பதின்மூண்டு மேளம். வாவிக்குள்ள வல போட்டவன் தோணியில எழும்பி நிண்டவன். என்ட தம்பி மட்டும் களவெடுத்த பூன மாதிரி சத்தமில்லாமப் போறதா? ஒம்பது மணிக்கு மேளம் தொடங்கோணும். சொல்லிப்போட்டன்."

ரகசியம் பேசப் பழகாத குரல் அது. வேலியைத் தாண்டிப் போய்ப் பள்ளிக்கூடத்து ஓட்டில் பட்டுத் திரும்பியது.

பரீட்சை நிலையம் இந்த ஊருக்குக் கிடைத்த முதல் வருடம் அது. அதுவரைக்கும் பிள்ளைகள் பாதைப்படகில் வாவியைக் கடந்து அக்கரைக்குப் போய்த்தான் ஓ.எல் என்கிற சாதாரணதரப் பரீட்சை எழுதினார்கள். விடியற்புறம் யானை இறங்கி நின்றால் துறையடிக்கு வரமுடியாது. காற்று எழும்பினால் படகு வராது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவானேன் என்று யோசித்த வீடுகள், பரீட்சைக்கு முதல் மாதமே மாப்பிள்ளை பேசி முடித்தன. நல்லரத்தினம் பதினொரு வருடம் கல்விக் கந்தோருக்குக் கடிதம் எழுதினான். பதில் வராத கடிதங்களை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வீட்டுப் பிள்ளை, முதல் மரியாதையாகக் காளாஞ்சி வாங்குகிற குடியில் பிறந்தவன், கந்தோர் வாசலில் பைலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று கேள்விப்பட்டபோது மங்கையற்கரசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காவலாளியாகப் போனதே அந்தக் குடிக்கு ஒரு வடு. இருபத்துநாலு வருடம் காவல். ஓய்வு கொடுத்த பிறகும் எட்டு வருடம் சம்பளமில்லாமல் மணி அடித்தான். மணியாகத் தொங்கிய அந்தத் தண்டவாளத் துண்டில் என்ன கண்டானோ.

படலையடியில் லொறி ஒன்று வந்து நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏறாவூர் மீராசாஹிப் பத்து டசின் பிளாஸ்டிக் கதிரைகளையும் முட்டை இறக்குவதுபோல ஒவ்வொன்றாக இறக்கினார். பள்ளிக்கூட விழாக்களுக்குக் கதிரை கொண்டுவந்து நல்லரத்தினத்தோடு பழகியவர். சீமெந்து முற்றத்தில் உரசாமல் இருக்கச் சாக்குகளையும் விரித்துவிட்டார்.

"ஒரு கதிர கீச்சிட்டாலும் எல்லாத்தையும் திருப்பி ஏத்திருவன்" என்று தன் ஆட்களிடம் காற்றாகச் சொன்னார். பிறகு மங்கையற்கரசியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். அவளும் தலையசைத்தாள். மரியாதை தெரிந்த மனிதர்; ஆனால் இந்த ஊர்க் கூத்தில் அவரும் சேர்ந்துவிட்டார்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேளக்காரர் வந்தார்கள். வீரகத்தி முன்னால். அவருக்குப் பின்னால் அவருடைய மகன் கோகுலராஜ், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். மேளங்களைச் சாக்கில் சுற்றிக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்தார்கள். மங்கையற்கரசி எண்ணினாள். எட்டு.

"எட்டுத்தானா வீரகத்தி?"

"ஓம் அம்மா. மத்தப் பொடியன்மார் கட்டார்ல. ரெண்டு பேர் தையல் பெக்டரியில. முந்தி மாதிரி இல்ல."

"சரி. தொடங்கு."

"தோல் காயோணும் அம்மா."

முற்றத்து மூலையில் வைக்கோலைப் போட்டு நெருப்பு மூட்டினார்கள். மேளத்தின் தோலைத் தணலுக்குக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டினார்கள். தோல் இறுகினால்தான் மேளம் பேசும். அதற்குப் பத்து நிமிடம் போதும். அது மங்கையற்கரசிக்கு வீரகத்தியைவிட நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து எத்தனை செத்த வீடு பார்த்தவள்.

ஒன்பதரை ஆனது.

"என்ன வீரகத்தி?"

"இன்னும் ஏறல்ல அம்மா. பனி ஈரம்."

பங்குனி வெயில் முற்றத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள், வீரகத்தியைப் பார்த்தாள். அவர் மேளத்தை நெருப்புக்குக் காட்டினார். ஒன்பதே முக்காலுக்கு வைக்கோல் முடிந்துவிட்டது என்றார். வைக்கோல் எடுக்கப் போனவன் அந்த வைக்கோலை அப்போதுதான் அறுத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவன்போலப் போனான், போனான், வரவேயில்லை. முற்றத்தில் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை; பார்த்தால் சிரித்துவிடுவார்கள். மைத்துனர் நாகரெத்தினத்தின் கைத்தொலைபேசி அந்த நேரம் பார்த்துக் கூத்துமேளம்போல அலறியது. அவர் பதறிப்போய் அதை அமத்துவதற்குள், விஜிதரன் பிடுங்கி நெல் மூட்டைக்குள் செருகினான். மூட்டை கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது.

மங்கையற்கரசி முற்றத்தில் இறங்கி நெருப்படிக்குப் போனாள்.

"என்ட முகத்தப் பாத்துச் சொல்லு. தோல் ஏறலயா, இல்ல உனக்கு அடிக்க மனமில்லயா?"

வீரகத்தி எழுந்து நின்றார். அவருக்கும் எழுபதுக்கு மேலே.

"இந்த வீட்டு மேளம் என்ட உரிம அம்மா. என்ட தகப்பன் அடிச்சது, நான் அடிச்சது. நீங்க அடி எண்டா இந்த நிமிசம் அடிப்பன்." கொஞ்சம் நின்றார். "உள்ளுக்கு என்ட பேத்தி எழுதுறாள். விதுர்ஷா. எங்கட தெருவுல ஓ.எல் எழுதுற முதல் புள்ள. அதான் தோல் கொஞ்சம் பிந்துது."

கோகுலராஜ் தலையை நிமிர்த்தவில்லை. அவன் கையில் இருந்த மேளத்தின் தோல் கண்ணாடிபோல இறுகி இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பித் தணலுக்குக் காட்டிக்கொண்டே இருந்தான்.

மங்கையற்கரசி அவனுடைய கைகளைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் திரும்பி விறாந்தைக்கு வந்துவிட்டாள்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கைகள் சின்னக் கைகள். அவளுடைய தகப்பன் செத்துக் கிடந்த காலை. எதிர்க்குடியில் ஆறு மாதத்துக்கு முதல் ஒரு சாவுக்குப் பன்னிரண்டு மேளம் வந்திருந்தது. இந்த முற்றத்திலும் பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள். பதின்மூன்று வேண்டும் என்றாள் அவள். வீரகத்திக்குப் பத்து வயதில் ஒரு மகன் இருக்கிறானே, சின்ன மேளத்தைக் கொடு என்றாள். பொடியன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதத் துறைக்குப் போய்விட்டான், தம்பி நல்லரத்தினம்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்றார்கள். அவள் ஆள் அனுப்பினாள். படகு நடு வாவிக்குப் போய்விட்டது. கரையில் நின்று, வண்ணக்கர் வீட்டில் சாவு, படகைத் திருப்பு என்று கத்தினார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் படகு திரும்பும். திரும்பியது.

பதின்மூன்றாம் மேளம் கழுத்தில் தொங்க, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சேட்டோடு ஒரு பொடியன் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தான். அக்கரையில் சனம் கூடி நின்று கேட்டது. அந்தப் பெருமையை அவள் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொடியனுடைய அந்த வெள்ளைச் சட்டையைப் பற்றி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நல்லரத்தினமும் சொல்லிக்காட்டியதில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு பள்ளிக்கூடத்துக் காவலாளி வேலைக்கு மனுப் போட்டான், அவ்வளவுதான். பிறகு கோகுலராஜ் அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏறவில்லை. ஒரு மேளத்துக்குப் போனால் அடுத்த மேளத்துக்கும் கூப்பிடுவார்கள்.

பத்தரைக்குத் தண்டவாளத் துண்டு அடிபட்டது. முதல் வினாத்தாள் முடிந்துவிட்டது.

மணிக்காகக் காத்திருந்த ஆச்சிப்பிள்ளை, ஒற்றைப் பாய்ச்சலில் மண்டபத்துக்குள் போனாள். "என்ட ராசா!" என்று எடுத்தாள். அந்தக் காலை முழுவதும் அடைத்து வைத்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் கட்டாதது, கட்டச் சொல்லிக் கேளாதது, மணி அடித்தது, மாலை நேரம் தேத்தண்ணி குடிக்காமல் போனது என்று ஒரு நாள் முழுக்க ஆறுதலாக அழவேண்டியதை அரை மணித்தியாலத்தில் அடுக்கவேண்டி இருந்ததால், ஆச்சிப்பிள்ளை மூச்சுக்கூட விடவில்லை. நடுநடுவே, "நேரம் என்ன?" என்று கேட்டுவிட்டு மேலே போனாள்.

"இன்னும் பன்னெண்டு நிமிசம் சின்னம்மா."

"பொன்னான மணிக்காரா... ஆத்தங்கரைத் தோணிக்காரா... தண்ணி கொண்டா புள்ள... என்னை விட்டுப் போனியோ!"

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மங்கையற்கரசி வேலி ஓரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கம், கிளுவை வேலியின் இடைவெளியில் ஒரு முகம். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், கையில் பேனைகள் தெரிகிற பிளாஸ்டிக் பை. மூக்கு வீரகத்தியின் மூக்கு.

அவள் வேலியடிக்குப் போனாள்.

"ஏன் அங்க நிக்காய்? வந்து பாக்கிறதுதானே?"

"வந்தா தலமுழுகோணுமாம். பிறகு சோதினைக்குப் போக ஏலாது எண்டு அம்மா டெலிபோன்ல சொன்னா." தாய் குவைத்தில் வீட்டு வேலை. "நான் இஞ்சருந்து கும்பிட்டிட்டுப் போறன். மணி மாமா ஒண்டும் நினைக்க மாட்டாரு."

"எப்பிடி எழுதின?"

பிள்ளை பேனைப் பையை நெஞ்சோடு அணைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என்ன, கஷ்டமா?"

"கஷ்டமில்ல. தெரிஞ்சதுதான். ஆறு கேள்வி விட்டிட்டன்."

"தெரிஞ்சத ஏன் விட்ட?"

"ஒம்பது மணிக்கு மேளம் தொடங்கும் எண்டு கேட்டுது. இப்ப தொடங்கும், இப்ப தொடங்கும் எண்டு அதத்தான் பாத்துக்கொண்டிருந்தன். தொடங்கவேயில்ல. தொடங்கியிருந்தா அதோட எழுதியிருப்பன். அப்பாட மேளம் கேட்டுத்தானே நான் வீட்டுல படிக்கிற." மூக்கை உறிஞ்சினாள். "எப்ப தொடங்கும் பெரியம்மா?"

மங்கையற்கரசி வேலித் தடியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஆச்சிப்பிள்ளை ஏழாவது பிறவிக்குப் போய்விட்டிருந்தாள்.

"புள்ள, இஞ்ச பார். உன்ட கடைசி மணி அடிச்ச பிறகுதான் இந்த வீட்டுல மேளம். அதுக்கு முந்தி ஒரு ஈயும் கத்தாது. நான் சொல்றன், வண்ணக்கர்ட மகள். எங்கட குடியில சொன்ன சொல்லு மாறினதில்ல. விளங்கிச்சா?"

"ஓம்."

"அப்ப போ. போய் முகத்தக் கழுவு. ஒண்டையும் விடாம எழுது."

பதினொரு மணிக்கு மணி அடித்தது. ஆச்சிப்பிள்ளையின் ஒப்பாரி ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மீதிச் சொல்லை அவள் விழுங்கிக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி வந்து விறாந்தையில் கால் நீட்டினாள். "நல்லாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இவ்வளவு வேகமா நான் ஒருத்தருக்கும் அழுததில்ல."

அடுத்த தலையிடி நாகரெத்தினத்தின் உருவில் வந்தது. கையில் பஞ்சாங்கம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மச்சாள், பன்னெண்டரைக்கு முந்தி எடுக்கோணும். அதுக்குப் பிறகு நேரம் சரியில்ல. மேளம் இல்லாட்டியும் பறுவாயில்ல, சத்தமில்லாம எடுத்துருவம்."

"சத்தமில்லாம எடுக்கிறதா? ஆர எண்டு நினைச்சீங்க?"

"அப்ப மேளத்தோட எடுப்பம்."

"அதுவும் ஏலாது."

"அப்ப என்னதான் செய்யிற?"

"ரெண்டு பத்துக்கு எடுக்கிற."

"கெட்ட நேரம் மச்சாள்! பஞ்சாங்கம் சொல்லுது."

மங்கையற்கரசி மண்டபத்துப் பக்கம் திரும்பி, தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முப்பத்திரண்டு வருசமா இவன் கடைசி மணி அடிக்காம எங்கயும் போனவனா? கலியாண வீட்டுக்குப் போகல்ல. என்ட மனுசன் செத்த நேரமே மணி அடிச்சிட்டுத்தான் வந்தவன். அண்டைக்கு நான் இவனோட கதைக்கல்ல. இண்டைக்கு மட்டும் உங்கட பஞ்சாங்கத்துக்காக நடுவுல எழும்பி வருவானா? நேரம் கெட்டா என்ட தலையில வரட்டும்."

நாகரெத்தினம் பஞ்சாங்கத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வேற ஒரு பஞ்சாங்கத்துல ரெண்டு மணிக்குப் பிறகு நல்லம் எண்டு போட்டிரிக்கலாம்" என்று ஒருவருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வீடு காத்திருந்தது. இருநூறு சனம் இருந்த முற்றத்தில் வேப்பிலை விழுகிற சத்தம் கேட்டது. வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சந்தியில் இரண்டு இளைஞர்கள் நின்று மோட்டார் சைக்கிள்களை நிறுத்தித் தள்ளவைத்தார்கள். பாட்டுப் போட்டு ரொட்டிப் பாண் விற்கிற ஆட்டோக்காரன் பாட்டை அமத்திவிட்டு, பாணையும் இறக்கி வைத்துவிட்டு, அப்படியே செத்த வீட்டுக்கு வந்து குந்திவிட்டான். இருமல் வந்த கிழவர் ஒருவர் கிணற்றடி வரைக்கும் ஓடிப்போய் இருமிவிட்டு வந்தார். ஆச்சிப்பிள்ளை நித்திரையாகிவிட்டாள், குறட்டை தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்தாள்.

மீராசாஹிப்புக்கு இந்த ஊர் வழக்கம் முழுவதும் தெரியாது. வெயிலில் குந்தியிருந்த மேளக்காரரைப் பார்த்துவிட்டு, எட்டுக் கதிரைகளைக் கொண்டுபோய் நிழலில் போட்டார். இந்த முற்றத்தில் மேளக்காரர் கதிரையில் இருந்ததில்லை. அவர்கள் எழுந்து நின்று கதிரையைப் பார்த்தார்கள், பிறகு விறாந்தையைப் பார்த்தார்கள். முற்றமே விறாந்தையைப் பார்த்தது. மங்கையற்கரசி மாமரத்தைப் பார்த்தாள். பூ நன்றாகத்தான் பிடித்திருந்தது. அவள் வெகுநேரம் மாமரத்தைப் பார்த்தாள். அவள் பார்வையை இறக்கியபோது எட்டுப் பேரும் கதிரையில் இருந்தார்கள். வீரகத்தி சாயாமல், அவளைப்போலவே நிமிர்ந்து இருந்தார்.

இரண்டு பத்து.

தண்டவாளத் துண்டு அடிபட்டது. ஒரு தரம், இரண்டு தரம், பிறகு விடாமல் அடித்தான் எவனோ. பள்ளிக்கூடத்துக்குள் இருந்து கதிரைகள் இழுபடும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் ஒன்றாக வந்தன. ஆனால் முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. காலையிலிருந்து அடக்கி அடக்கிப் பழகிய சனத்துக்கு எப்படித் தொடங்குவது என்று மறந்துவிட்டதுபோல இருந்தது. எல்லோரும் மங்கையற்கரசியைப் பார்த்தார்கள்.

வீரகத்தி மேளத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இப்ப தோல் நல்லா ஏறிற்று அம்மா."

"பொறு."

அவள் படியிறங்கி நடந்து, கோகுலராஜ் முன்னால் போய் நின்றாள். அவன் எழுந்தான். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை. இவ்வளவு வருடத்தில் அவள் அவனோடு நேரே ஒரு சொல் பேசியதில்லை. வீரகத்தியிடம் சொன்னால் அவனுக்குப் போகும்.

"கோகுலராஜ், மேளத்தக் கீழ வை."

அவன் தகப்பனைப் பார்த்தான்.

"வை, சொல்றன். பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போ. புள்ள வருவாள், கூட்டிக்கொண்டு வா. என்ன எழுதினாள் எண்டு கேட்டிட்டு வா. அவசரப்படாம கேட்டிட்டு வா."

"அம்மா, எல்லாரும் பாத்துக்கொண்டு..."

"பாக்கட்டும். நீ வரும் வரைக்கும் இஞ்ச ஒண்டும் தொடங்காது."

கோகுலராஜ் மேளத்தைக் கதிரையில் வைத்தான். பிறகு எடுத்து நிலத்தில் வைக்கப் போனான். "கதிரையிலயே வை" என்றாள். அவன் நடந்தான். படலைக்கு வந்ததும் நடை ஓட்டமாகியது.

இருநூறு சனமும் காத்திருந்தது. நாகரெத்தினம் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. விழித்துக்கொண்ட ஆச்சிப்பிள்ளை, "முடிஞ்சா, தொடங்கலாமா?" என்று கேட்டு வாயைத் திறந்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றார்கள். மங்கையற்கரசி கதிரையில் கிடந்த மேளத்தின் பக்கத்தில், அதற்குக் காவல்போல நின்றாள். அதன் தோலில் வெயில் விழுந்திருந்தது. ஒருதரம் விரல் நுனியால் அதைத் தொட்டாள். ஒரு சின்னச் சத்தம் எழுந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். தகப்பன் முன்னால், மகள் பின்னால். அவளுக்குப் பின்னால் பரீட்சை எழுதிய மற்றப் பிள்ளைகளும் பேனைப் பையோடு வந்தார்கள். விதுர்ஷா நேராக மண்டபத்துக்குள் போய், இனித் தலைமுழுகினால் என்ன என்கிற துணிவோடு, நல்லரத்தினத்தின் காலடியில் வினாத்தாளை வைத்துக் கும்பிட்டு மறுபடி எடுத்துக்கொண்டாள். கோகுலராஜ் வந்து மேளத்தை எடுத்தான். முகம் முழுவதும் பல்லாக இருந்தது. செத்த வீட்டில் சிரிக்கக்கூடாது என்று கீழே குனிந்துகொண்டான்.

"எட்டுத்தான் அம்மா" என்றார் வீரகத்தி மெதுவாக. "பதின்மூண்டு இல்ல."

"காணும், எட்டே போதும்" என்றாள் மங்கையற்கரசி. "தொடங்குங்க."

அந்த 'ங்க' வீரகத்தியின் காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் கை மேளத்தில் விழுந்தது. காலையிலிருந்து காய்ந்து காய்ந்து இறுகிப் போயிருந்த எட்டுத் தோலும் ஒன்றாக வெடித்தன. மாமரத்துக் காகங்கள் எல்லாம் கிளம்பின. ஆச்சிப்பிள்ளை இரண்டாம் சுற்றுக்கு எழுந்தாள். வெடி கொளுத்தினார்கள், மீராசாஹிப் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மண்டபத்திலிருந்து பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

விஜிதரன் ஓடிவந்து தாயின் காதுக்குள் கத்தினான். "அம்மா, துறையில நிண்டு பாருங்க! அக்கரைக்குக் கேக்கும்போல!"

அவள் வாவிப் பக்கம் திரும்பவில்லை.

பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். அவளும் நின்றாள். ஊர்வலம் பள்ளிக்கூட மதிலோரமாகப் போனது. தண்டவாளத் துண்டு தொங்கிய மரத்தைத் தாண்டியது. சந்தி வரைக்கும் போக அனுமதி கேட்டுக்கொண்ட விதுர்ஷா, மேளக்காரரின் ஓரத்தில் தகப்பனோடு சேர்ந்து நடந்தாள். மேளச் சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை. அவள் வினாத்தாளை விரித்து ஒரு கணக்கைச் சுட்டிக் காட்டினாள். கை விரல்களை ஒவ்வொன்றாக மடித்து ஏதோ எண்ணிச் சொன்னாள். கோகுலராஜ் அவள் பக்கம் தலையைச் சாய்த்து, அடி பிசகாமல், விளங்கியவன்போல ஒவ்வொரு விரலுக்கும் தலையாட்டிக்கொண்டு போனான்.